ஐந்தடி பத்து அங்குலத்தில் தெரிந்த ஆறு

சங்கனாச்சேரி வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்கள் லாலிச்சனைத் தேடி வருவார்கள். தேடி வராதவர்களை லாலிச்சன் தேடிப் போவான். சந்தைக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் அவனுடைய கட்டட வரைவு அலுவலகம். "கீழே பப்ஸ் வேகிறது, மேலே கனவு வேகிறது" என்று விளம்பர அட்டையில் அவனே எழுதிப் போட்டிருந்தான். அந்த வரியை அடித்துவிடச் சொன்னாள் மனைவி ஷைபி. அவன் கேட்கவில்லை. இப்போது யாராவது அந்த அட்டையை எடுத்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

இந்தக் கதையைக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவனே சொல்லிக்கொண்டு திரிகிறான். ஆகவே நாமும் சொல்வதில் தப்பில்லை. முதலில் சொல்ல வேண்டியது அவனுடைய உயரம். ஐந்தடி இரண்டு அங்குலம். அதற்கு மேல் ஒரு கால் அங்குலம் உண்டு என்பது அவன் கட்சி. அது தலைமுடியின் கணக்கில் சேரும் என்பது ஷைபியின் கட்சி. ஷைபி ஐந்தடி ஆறு. கல்யாணப் படத்தில் இருவரும் சரிக்குச் சரியாகத்தான் நிற்கிறார்கள். ஆனால் படம் முழங்காலோடு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன இருந்தது என்பது படம் எடுத்தவனுக்கும், தேவாலயத்தில் பாட்டுக் குழுவினர் ஏறி நிற்கும் பலகைக்கும்தான் தெரியும்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு விஆர் கண்ணாடி வாங்கினான். பெயர்தான் கண்ணாடி, பார்த்தால் கண்ணை முழுசாக அடைக்கிற ஒரு கறுப்புப் பெட்டி. அதைத் தலையில் மாட்டிக்கொண்டால், இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம். கழுத்தைத் திருப்பினால் சுவர் திரும்பும். அண்ணாந்தால் மின்விசிறி தெரியும். காகிதத்தில் பிளானைப் பார்த்து அறிந்தவர்போலத் தலையாட்டிவிட்டு, கட்டி முடித்த பிறகு "இதுதான் ஹாலா?" என்று நெஞ்சில் கை வைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். அந்த வியாதிக்கு இதுதான் மருந்து என்று லாலிச்சன் நம்பினான். நம்பியதோடு விடாமல் எல்லாரிடமும் சொன்னான்.

ஆரம்பத்தில் ஆட்களை நிற்க வைத்துத்தான் பெட்டியை மாட்டினான். தோஹாவிலிருந்து வந்த ஒருவர், இல்லாத மாடிப்படியில் ஏறப் போய், இருக்கிற மீன்தொட்டியில் காலை விட்டார். அதோடு எல்லாருக்கும் சுழல் நாற்காலி. உட்கார்ந்தபடியே கையிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் வீட்டுக்குள் நடை. ஆனால் உட்கார்ந்திருக்கிற ஆளின் உயரம் பெட்டிக்குத் தெரியாதே. அதனால் கணினி ஒரு கேள்வி கேட்கும்: பார்ப்பவரின் உயரம் எவ்வளவு?

அந்தக் கேள்வி முதன்முதலாக வந்தபோது அலுவலகத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. இருந்தும் லாலிச்சன் ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு ஐந்தடி பத்து என்று அடித்தான். எல்லாருக்கும் இதையே வைத்துக்கொள்ளட்டுமா என்று கணினி கேட்டது. வைத்துக்கொள் என்றான்.

அந்த உயரத்திலிருந்து பார்த்தால் உலகமே வேறாக இருந்தது. குளிர்பதனப் பெட்டியின் மேல்பக்கம் தெரிந்தது. அலமாரியின் உச்சித் தட்டு கண்ணுக்கு நேரே வந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே வயலும் தென்னையும் ஆகாயமும் கிடந்தன. ஒரு மணி நேரம் அவன் பெட்டியைக் கழற்றவில்லை. ஷைபி போன் செய்தபோது வேலையாக இருப்பதாகச் சொன்னான். அப்படித்தான் தன்னிடமும் சொல்லிக்கொண்டான்.

பெட்டிக்குள் போய் வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "என்ன விசாலம்! என்ன வெளிச்சம்!" லாலிச்சன் அதைத் தன் திறமைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டான். மூன்று வருஷத்தில் பதினொரு வீடு எழும்பியது. கட்டிய வீட்டில் குடிபோன பிறகு அந்த விசாலம் கொஞ்சம் குறைந்ததாக யாருக்காவது தோன்றியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆயுசின் சம்பாத்தியத்தைக் கொட்டிக் கட்டிய வீட்டில் குறை என்று சொன்னால், முட்டாள் என்று தன் நெற்றியில் தானே எழுதிக்கொண்ட மாதிரி. வருகிற விருந்தாளியும் குளியலறை வரைக்கும் எட்டிப் பார்த்து "அசல்!" என்று மெச்சுவார், குறையைக் காரில் ஏறிய பிறகுதான் எடுப்பார். இந்த நல்ல பழக்கம் இருந்ததால் லாலிச்சன் மூன்று வருஷம் மேதையாக வாழ்ந்தான்.

பன்னிரண்டாவதாக வந்தவர் சாலம்மா. குவைத்தில் இருபத்து நாலு வருஷமாக நர்ஸ். ஆள் நாலடி பத்து. குரல் அதைவிடப் பெரியது. கூட வந்த கணவர் வர்க்கிச்சன் ஆறடி. குரல் இருப்பதாகவே தெரியவில்லை. சங்கனாச்சேரி கூட்டுறவு வங்கியில் எழுத்தர். காவாலத்தில் ஆற்றங்கரையில் இருந்த அவர்களுடைய பழைய வீட்டில், வெள்ளத்தின்போது கழுத்தளவு தண்ணீர் நின்றது. அதை இடித்துவிட்டு, தரையை நன்றாக உயர்த்திப் புது வீடு கட்ட வேண்டும்.

லாலிச்சன் வழக்கம்போல ஆரம்பித்தான். எங்கள் பக்கத்தில் சமையலறை இரண்டு கட்டுவோம். ஒன்று வருகிறவர்களுக்குக் காட்ட. அதில் பால்கூடக் காய்ச்ச மாட்டோம். மீன் வறுப்பதும் தேங்காய் அரைப்பதும் பின்னால் இருக்கிற இன்னொரு அறையில், யார் கண்ணிலும் படாமல் நடக்கும்.

"ரெண்டு வேண்டாம் மோனே, ஒண்ணு போதும்" என்றார் சாலம்மா. "ஊருக்குக் காட்ட எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"சேச்சி, இப்ப எல்லாருமே ரெண்டு..."

"எல்லாரும் நல்லாக் கட்டட்டும். எனக்கு ஒரு சிங்க் வேணும். சிங்குக்கு மேல ஒரு ஜன்னல் வேணும். அங்க நின்னு பார்த்தா ஆறு தெரியணும், படகுத்துறை தெரியணும். மத்தது எல்லாம் உன் இஷ்டம். ஹாலை மேல வச்சாலும் சரி, கீழ வச்சாலும் சரி."

"ஆறு மேல அவ்வளவு ஆசையா?"

"ஆத்துக்கு என்ன, அது பாட்டுக்கு ஓடுது." சாலம்மா கணவரைக் கைகாட்டினார். "குவைத்துல என் சிங்குக்கு எதிர்ல லிஃப்டுச் சுவர். இருபத்து நாலு வருஷமா அந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டே பாத்திரம் கழுவியிருக்கேன். இந்த மனுஷன் இருபத்து நாலு வருஷமா அஞ்சரைப் படகுல வந்து எறங்கி, ஆளில்லாத வீட்டைத் தானே தெறந்து, தானே வெளக்குப் போட்டிருக்காரு. வீடு முடியும்போது இவருக்கு இன்னும் ரெண்டு வருஷ வேலைதான் பாக்கி இருக்கும். அப்புறம் அந்தப் படகுல இவருக்கு என்ன சோலி? அந்த ரெண்டு வருஷமாவது இவர் வர்றதை ஒரு ஆள் பார்க்கணும். அந்த ஆள் நானா இருக்கணும்."

வர்க்கிச்சன் அண்ணாந்து மேலே பார்த்தார். "ஃபேன் சத்தம் போடுது" என்றார்.

லாலிச்சனிடம் ஆயிரம் குறை இருக்கலாம், ஈரமில்லாதவன் இல்லை. மறுநாளே காவாலத்துக்குப் போய் அளந்தான். ஆற்றின் கரை, படகுத்துறையின் படிகள், பக்கத்து வீட்டு அவுசேப்பின் ஏழடி மதில், மதில்மேல் சாய்ந்திருக்கும் பலாக்கிளை என்று ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் அளவு பிசகாமல் கணினிக்குள் கட்டினான். படகுத்துறையில் குடை பிடித்த ஆறடி ஆள் ஒருவரையும் நிறுத்தினான். அந்தப் பொம்மை ஆளுக்கு வர்க்கிச்சனைப்போல முன்வழுக்கைகூட வைத்தான்.

சாலம்மா சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. பெட்டியை மாட்டிக்கொண்டார். பொத்தானை அழுத்தி அழுத்தி, ஹாலையும் படுக்கையறையையும் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேரே சமையலறை சிங்குக்குப் போய் நின்றார்.

"கர்த்தாவே" என்றார். "ஆறு! இவர் குடைகூடத் தெரியுது. வழுக்கைகூடத் தெரியுது மோனே!" பெட்டிக்குக் கீழே கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. வர்க்கிச்சன் கைக்குட்டையை எடுத்து யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் லாலிச்சனிடம் கொடுத்தார். லாலிச்சன் வாங்கித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாலம்மா குவைத்துக்குத் திரும்பிப் போனார். வேலை முடிந்து ஊர் திரும்புவதற்குள் வீடு முடிந்துவிட வேண்டும். சுகதன் மேஸ்திரிதான் கட்டினார். சமையலறைச் சுவர் எழும்பியபோது அவர் ஒருநாள் தலையைச் சொறிந்தார்.

"சாரே, இந்த ஜன்னல்ல நான் நின்னா ஆறு தெரியுது. சேச்சி நின்னா தெரியுமா?"

"மேஸ்திரி, சேச்சி தன் கண்ணால பார்த்தாச்சு. பார்த்து அழுதும் முடிச்சாச்சு."

"அழுதாங்களா? அப்ப சரி" என்று சுகதன் சாந்துக் கரண்டியை எடுத்தார்.

வீடு வெஞ்சரிக்கும் நாள், அதாவது புது வீட்டை ஆசீர்வதித்துக் குடிபோகும் நாள் வந்தது. காலையில் தேவாலயத்துப் பாதிரியார் அச்சன் வந்து ஜபித்து, அறை அறையாகப் புனித நீர் தெளித்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். கள்ளப்பமும் வாத்துக் கறியும் ஓடிக்கொண்டிருந்தன. விருந்தாளிகள் வழக்கப்படி கட்டில் மெத்தையை அமுக்கிப் பார்த்து "அசல்!" என்றார்கள். லாலிச்சன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, யாராவது கட்டியவர் யார் என்று கேட்க மாட்டார்களா என்று வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தான். பெட்டியும் கூடவே காரில் வந்திருந்தது. வீடு வெஞ்சரிப்பு என்றால் அவனுக்கு அடுத்த வீட்டு வேலையைப் பிடிக்கிற இடம்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"லாலிச்சா! என் ஆத்தைக் காணோமே!"

பந்தியில் கை நின்றது. எங்கள் ஊர்ச் சரித்திரத்தில், வெஞ்சரிப்பு நாளில் வீட்டுக்காரர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. லாலிச்சன் ஓடினான். சாலம்மா முந்தின நாள் ராத்திரிதான் விமானம் இறங்கியிருந்தார். பகல் வெளிச்சத்தில் சிங்கின் முன்னால் நிற்பது இப்போதுதான். குதிகாலைத் தூக்கி, சிங்கின் விளிம்பைப் பிடித்து எம்பிக்கொண்டிருந்தார். ஜன்னலில் அவுசேப்பின் மதில் தெரிந்தது. மதிலுக்கு மேலே பலாக்கிளை. அதற்கு மேலே ஆகாயம்.

ஒரு நல்ல ஆள் இந்த இடத்தில் யோசித்திருப்பான். லாலிச்சன் வாயைத் திறந்தான்.

"அவுசேப்பு மதிலை ஒசத்திட்டாரு சேச்சி."

அவுசேப்பு பந்தியில்தான் இருந்தார். வாத்துக் காலோடு எழுந்து வந்தார். "யாரு? நானா? அளந்து பாருடா!" என்றார். சுகதன் மேஸ்திரி போய் அளந்தார். ஏழடி. வரைபடத்தில் இருந்த அதே ஏழடி.

"அப்ப நான் அன்னைக்குப் பார்த்தது?" என்றார் சாலம்மா. "அந்தப் பெட்டியைக் கொண்டா."

பெட்டி வந்தது. பந்தி நாற்காலி ஒன்றைச் சமையலறையில் போட்டு, சாலம்மா உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். "இதோ இருக்கு! ஆறு, துறை, குடை எல்லாம் இருக்கு!" கழற்றினார். மதில். மாட்டினார். ஆறு. கழற்றினார். மதில். நாத்தனார் ஒருத்தி கொஞ்சம் கொடு என்று வாங்கிப் பார்த்தாள். பிறகு அவள் பிள்ளைகள். பிறகு அவுசேப்பு, கையைக் கழுவிவிட்டு வந்து. பத்து நிமிஷத்தில் சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் வரிசை நின்றது. ஐம்பது அடி தள்ளி நிஜமான ஆறு ஓடிக்கொண்டிருக்க, ஊரே வரிசையில் நின்று பெட்டிக்குள் ஆற்றைப் பார்த்தது. அச்சனும் பார்த்தார். "நல்ல தெளிவு" என்றார்.

சுகதன் மேஸ்திரி மட்டும் பெட்டியைத் தொடவில்லை. சிங்கின் முன்னால் போய் நின்றார். "எனக்குச் சும்மாவே தெரியுதே" என்றார். அவர் ஐந்தடி பத்து. வர்க்கிச்சன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினார். சுகதன் மெதுவாகத் திரும்பினார்.

"சாரே, இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ஆள் எத்தனை அடி?"

எல்லாரும் லாலிச்சனைப் பார்த்தார்கள். பார்ப்பதற்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

"அது... கம்பெனி செட்டிங். வெளிநாட்டுல செய்யுற சாமான் இல்லையா? வெள்ளைக்காரன் உயரத்தை வச்சிருக்கான்."

எல்லாருக்கும் நிம்மதி. குற்றம் கடல் தாண்டிப் போய்விட்டது. அவுசேப்பு வெள்ளைக்காரனை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் பந்திக்குத் திரும்பினார். சாலம்மா திட்டியிருந்தால் லாலிச்சனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் "அப்படியா" என்று மட்டும் சொன்னார். ஜன்னல் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினார்.

திரும்பும்போது ஷைபிதான் காரை ஓட்டினாள். கிடங்கரைப் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"வெள்ளைக்காரன் எத்தனை அடி, இச்சாயா?"

"சராசரியா ஒரு..."

"அஞ்சடி பத்தா?"

லாலிச்சன் ஜன்னல் பக்கம் திரும்பினான். வாத்துக் கூட்டம் ஒன்று வயலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கல்யாணத் தரகன் எங்க வீட்டுக்குக் கொண்டு வந்த காகிதத்துலயும் அஞ்சடி பத்துன்னுதான் எழுதியிருந்துச்சு" என்றாள் ஷைபி. "பொண்ணு பார்க்க வந்தீங்களே, ரெண்டு மணி நேரம் சோபாவை விட்டு எழுந்திருச்சீங்களா? எங்கப்பச்சன் சாப்பிடக் கூப்பிட்டாரு. மேசை வரைக்கும் நடக்கணுமேன்னு, வயிறு சரியில்லன்னு சொன்னீங்க. எங்கம்மா உங்களுக்குன்னு வறுத்த கரிமீனை எங்கண்ணன் தின்னான்."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நீங்க கார்லேர்ந்து எறங்கும்போதே தெரியும். சமையலறை ஜன்னல்ல நின்னுட்டு இருந்தேன். கார் கதவுக்குப் பின்னால ஒரு தலை மட்டும் தெரிஞ்சுது. அந்தத் தலை, சட்டைப் பையிலேர்ந்து சீப்பை எடுத்துச் சீவிச்சு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. இந்த ஆள்தான்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன். அதுக்கு அப்புறம்தான் டீ கொண்டு வந்தேன்."

பதினாலு வருஷம். லாலிச்சனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"அவ்வளவு கஷ்டப்பட்டு உட்கார்ந்திருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்." ஷைபி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். "என் கதை வேற, இச்சாயா. எனக்கு ஜன்னல் இருந்துச்சு, நான் பார்த்துட்டேன். அந்தச் சேச்சிக்கு மிச்சம் இருக்கிறதே ரெண்டு வருஷம்."

மறுநாள் காலையில் பேக்கரி திறக்கும் முன்பே லாலிச்சன் மாடிக்குப் போனான். கணினியில் உயரத்தை நாலடி பத்து என்று மாற்றிவிட்டு, பெட்டியை மாட்டிக்கொண்டு சாலம்மாவின் சிங்குக்குப் போனான். மதில். குடைக்காரரைக் காணோம். அப்புறம், யாரும் சொல்லாமலே, ஐந்தடி இரண்டு என்று மாற்றினான். கால் அங்குலத்தைச் சேர்க்கக் கை போனது, சேர்க்கவில்லை. அந்த உயரத்தில் தான் கட்டிய பதினொரு வீட்டுக்குள்ளும் ஒவ்வொன்றாக நடந்தான். ஜன்னல் விளிம்புகள் தாடையில் இடித்தன. அலமாரிகள் எட்டவில்லை. மாடி முகப்பில் நின்றால் கைப்பிடிச் சுவர்தான் தெரிந்தது. பதினொரு குடும்பமும் இதற்குள்தான் "அசல்!" என்று சொல்லிக்கொண்டு குடியிருக்கிறது. எவ்வளவு நல்ல மனுஷர்கள் என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பத்து மணிப் படகில் காவாலத்துக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமையாதலால் வர்க்கிச்சனும் வீட்டில் இருந்தார். சுகதன் மேஸ்திரி பந்தல் பிரிக்க வந்திருந்தார். சமையலறையில் மூவருக்கும் முன்னால் நின்று, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை லாலிச்சன் ஆரம்பித்தான். முதல் வரியிலேயே அது மறந்துபோனது.

"வெள்ளைக்காரன் இல்ல சேச்சி. நான்தான்."

"என்ன நீதான்?"

"அந்த அஞ்சடி பத்து. கம்பெனிக்காரன் வைக்கல. உயரம் என்னன்னு பெட்டி கேட்டுச்சு. நான் அஞ்சடி பத்துன்னு போட்டேன்."

"எதுக்கு?"

இதற்குத்தான் அவன் பயந்திருந்தான். "ஆசையா இருந்துச்சு" என்றான்.

சாலம்மாவின் தோள் குலுங்கியது. சிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சுகதன் மேஸ்திரி மரியாதைக்காகச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். வர்க்கிச்சன்கூட மூக்கு வழியாக ஒரு சத்தம் போட்டார்.

"அட மடையா" என்றார் சாலம்மா, மூச்சு வாங்க. "உன் சொந்த உயரத்தைப் போட்டிருந்தாக்கூட எனக்கு நாலு அங்குலம்தானே குறைஞ்சிருக்கும்! ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்னிருப்பேனே!"

"பலகையைப் பத்தி எனக்குத் தெரியும் சேச்சி" என்றான் லாலிச்சன். அப்படியே கல்யாணப் படத்தின் கதையும் வெளியே வந்தது. ஆரம்பித்த பிறகு நிறுத்துவானேன் என்று, கரிமீன் கதையையும் சொன்னான்.

சிரித்து முடித்த பிறகு சாலம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. சிரிச்சாச்சு. என் ஆறு எங்கே?"

சுகதன் ஓர் அடி உயர மர முக்காலியைக் கொண்டு வந்து போட்டார். சாலம்மா ஏறி நின்றார். ஆறு தெரிந்தது. ஆனால் சிங்க் தொடைக்குக் கீழே போய்விட்டது. பாத்திரம் கழுவ இடுப்பை ஒடித்துக் குனிய வேண்டும், குனிந்தால் மறுபடியும் மதில். லாலிச்சன் தரையைப் பார்த்தான். மினுமினுக்கும் புதுத் தரை, அவனே தேர்ந்தெடுத்தது.

"மேஸ்திரி, தரை மொத்தத்தையும் ஓர் அடி ஒசத்தணும். சிங்க், அடுப்புத் திண்டு, எல்லாம் கூடவே மேல வரணும். வாசலையும் இடிச்சு மேல ஏத்தணும். ஹால்லேர்ந்து ரெண்டு படி."

"போட்டு ஒரு வாரம்கூட ஆகாத தரை, சாரே."

"இடிங்க." செலவு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, அது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

சுகதன் அளவு நாடாவை எடுத்துச் சாலம்மாவைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இந்தத் தடவை ஆளை அளந்துட்டுத்தான் வேலை" என்றார். கோடு போட்டதும் சாலம்மா நாடாவைப் பிடுங்கினார். "இப்ப நீ வா" என்று லாலிச்சனை அதே நிலையில் சாய்த்து நிறுத்தினார். "குதிகாலைத் தூக்காதே!" என்று அதட்டினார். அவன் தூக்கியிருந்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஐந்தடி இரண்டு. கால் அங்குலம் இல்லவே இல்லை.

வேலை நாற்பது நாள் நடந்தது. அத்தனை நாளும் சாலம்மா வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் அடுப்பு வைத்துச் சமைத்தார். ஊருக்குக் காட்ட ஒன்றுமில்லை என்றவர், வழியோடு போகிறவர்களுக்கெல்லாம் மீன் வறுப்பதைக் காட்ட வேண்டியதாயிற்று. கேட்டவர்களிடம் "எங்க லாலிச்சனுக்கு ஒசரம் கூடிப்போச்சு, அதான் தரையை ஒசத்துறோம்" என்றார். ஒரே வாரத்தில் செய்தி சங்கனாச்சேரிச் சந்தைக்கு வந்துவிட்டது. பேக்கரிக்காரன் பப்ஸைக் கொடுக்கும்போது கையை வேண்டுமென்றே உயரத் தூக்கிக் கொடுத்தான். முன் கட்டிய பதினொரு வீட்டில் நாலு பேர், விஷயம் வெளியே வந்த தைரியத்தில், போன் செய்து ஜன்னலை இறக்கித் தரச் சொன்னார்கள். லாலிச்சன் இறக்கிக் கொடுத்தான். அலுவலகக் கதவு நிலையில் இப்போது பென்சில் கோடுகள் நிறைய உண்டு. வருகிறவர்கள் முதலில் அங்கே நின்றுவிட்டுத்தான் நாற்காலிக்குப் போக வேண்டும். ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் அவன் பெயர் இருக்கிறது. ஆட்களை அளக்கிற சாக்கில் அவனே அதைக் காட்டிச் சிரிக்க வைப்பான்.

வேலை முடிந்த நாள் ஒரு புதன்கிழமை. சாயங்காலம் லாலிச்சனும் ஷைபியும் போனார்கள். சிமென்ட் வாசனை இன்னும் இருந்தது. சாலம்மா சிங்கின் முன்னால் நின்றார். மீனைக் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கழுவாமல். லாலிச்சன் இரண்டு படி ஏறிப் பக்கத்தில் போய் நின்றான். ஷைபி ஹாலிலேயே நின்றாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில், பலகை இல்லாமல் அவன் அவளைக் குனிந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரொம்ப நேரம் நிக்காதீங்க இச்சாயா, பழகிடும்" என்றாள் அவள்.

படகின் மணி கேட்டது. லாலிச்சன் திரும்பினான். மதிலுக்கு மேலே, பலாக்கிளைக்குக் கீழே, பெட்டிக்குள் பார்த்த அதே இடத்தில் ஆறு இருந்தது. ஆனால் அவன் கணினியில் போட்ட நீலம் இல்லை. ஆகாயத்தாமரை மிதக்கும் கலங்கல் தண்ணீர். அஞ்சரைப் படகு துறையை ஒட்டி நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒரு சைக்கிள் இறங்கியது. அப்புறம் வர்க்கிச்சன் இறங்கினார்.

படிமேல் நின்று அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கினார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, இருக்கிற நாலு முடியை வழுக்கையின் மேல் ஒழுங்காகச் சீவினார். சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு வீட்டை ஏறிட்டு, நேராக இந்த ஜன்னலைப் பார்த்தார். உடனே குனிந்துகொண்டு, படகைத் தவறவிடப் போகிறவர் மாதிரி வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

"தலை சீவிட்டு வர்றாரு" என்றார் சாலம்மா. குரல் இந்தத் தடவை ஆளைவிடச் சின்னதாக இருந்தது. "மோனே, பாரேன். எனக்காகத் தலை சீவிட்டு வர்றாரு."

லாலிச்சன் பார்த்தான். அதற்கு மேல் பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது. ஜன்னலை விட்டு நகர்ந்து, இரண்டு படி இறங்கி, ஷைபியின் கண்ணளவுக்கு வந்து நின்றான். அங்கிருந்து அவனுக்கு ஆறு தெரியவில்லை. சாலம்மாவின் பாதங்கள் தெரிந்தன. குதிகால் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்திருந்தன.